வயல் மூழ்கியும் காப்பீடு வரலையா? பத்தாம் வகுப்பு வீட்டுப்பாடக் கணக்கில் இருக்கிறது பதில்!

ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாயும் இரண்டு ஊர்கள். இரண்டிலும் சம்பா. அறுவடை நேரத்தில் இரண்டு ஊரிலும் ஒரே மழை. ஆனால் ஒரு ஊருக்குப் பயிர்க் காப்பீட்டுப் பணம் வங்கிக் கணக்கில் ஏறிவிடுகிறது, பக்கத்து ஊருக்கு ஒரு பைசா இல்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என டெல்டா மாவட்டங்களின் விவசாயிகள் குறைதீர் கூட்டங்களில் திரும்பத் திரும்ப எழும் புகார் இது.

பணம் வந்த ஊரிலாவது நிம்மதியா என்றால், அங்கேயும் இல்லை. கழுத்தளவு தண்ணீரில் நின்ற வயலுக்கும், மேட்டில் நன்றாக விளைந்த வயலுக்கும் ஏக்கருக்கு ஒரே தொகை. 'இது என்னங்க கணக்கு?' என்று கேட்காதவர்கள் கிடையாது.

உண்மையில் இது 9, 10-ம் வகுப்புக் கணக்குதான். 'கூட்டுச் சராசரி காண்க', 'திட்டவிலக்கம் காண்க', 'நிகழ்தகவு யாது?' என்று பிள்ளைகள் வீட்டுப்பாட நோட்டில் போடுகிற அதே கணக்கு. வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் பேனாவோடு பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாம். கீழே வரும் மகசூல் எண்களும் காப்பீட்டுத் தொகையும் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. விதிமுறைகள் மட்டும் அசல்.

முதல் கணக்கு: எவ்வளவு கட்டுகிறார்கள்?

இது சுலபம். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016 காரீஃப் பருவத்தில் நடைமுறைக்கு வந்தது. உணவு தானியப் பயிர்களுக்கு விவசாயி கட்ட வேண்டிய பங்கு, காப்பீட்டுத் தொகையில் காரீஃப் பருவத்துக்கு 2 சதவீதம், ரபி பருவத்துக்கு 1.5 சதவீதம். மிச்ச பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. தமிழகத்தில் சம்பா நெல் 1.5 சதவீதக் கணக்கில் வருகிறது.

ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை ரூ.36,000 என்று வைத்துக்கொள்வோம். 36,000 × 1.5 ÷ 100 = 540. ஏக்கருக்கு ரூ.540.

ஆனால் டெல்டாவில் பாதிப் பேர் நிலத்தை ஏக்கரில் சொல்வதில்லையே, 'மா' கணக்கில்தானே சொல்வார்கள்! 3 மா ஒரு ஏக்கர், 20 மா ஒரு வேலி. தமிழ்ப் பின்னக் கணக்கிலும் 'மா' என்றால் இருபதில் ஒன்று. வேலியில் இருபதில் ஒரு பங்கு என்பதால் பின்னத்தின் பெயரே நிலத்துக்கும் பெயராக நிற்கிறது. 5 மா வைத்திருப்பவருக்கு 5/3 ஏக்கர். பிரீமியம் 540 × 5 ÷ 3 = ரூ.900.

இரண்டாவது கணக்கு: ஏழு வருஷத்தில் ஐந்து வருஷம்

'எவ்வளவுக்குக் கீழே விளைந்தால் நஷ்டம்?' என்று ஒரு கோடு போட வேண்டும் அல்லவா? அந்தக் கோட்டுக்குப் பெயர் உத்தரவாத மகசூல். இது ஒவ்வொரு விவசாயிக்கும் தனித்தனியாகப் போடுவதில்லை, வருவாய் கிராமத்துக்கு ஒன்று. கிராமத்தின் கடந்த 7 ஆண்டு மகசூலில் சிறந்த 5 ஆண்டுகளை எடுத்து, சராசரி போட்டு, அதை 70, 80 அல்லது 90 சதவீதத்தால் பெருக்குவார்கள். எந்தச் சதவீதம் என்பது பகுதிக்கும் பயிருக்கும் ஏற்ப அரசின் அறிவிக்கையில் இருக்கும்.

ஒரு கிராமத்தின் 7 ஆண்டு மகசூல், ஹெக்டேருக்குக் கிலோவில்: 5,200, 4,800, 3,100, 5,000, 5,400, 3,900, 5,100.

முதல் வேலை, பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துவது. 5,400, 5,200, 5,100, 5,000, 4,800, 3,900, 3,100. கடைசி இரண்டையும் அடித்துவிட்டு மீதி ஐந்தைக் கூட்டினால் 25,500. ஐந்தால் வகுத்தால் 5,100. உத்தரவாதம் 80 சதவீதம் என்றால் 5,100 × 80 ÷ 100 = 4,080 கிலோ. இதுதான் அந்த ஊரின் கோடு.

அவசரப்பட்டு ஏழையும் கூட்டி ஏழால் வகுத்தால் என்ன வரும்? 32,500 ÷ 7 = சுமார் 4,643. அதில் 80 சதவீதம் 3,714. அதாவது கோடு 366 கிலோ கீழே இறங்கிவிடும். கோடு இறங்கினால் இழப்பீடு வரும் வாய்ப்பும் சேர்ந்தே இறங்கும். 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அப்படிப்பட்ட ஆண்டு மகசூலையும் சராசரியில் சேர்த்தால், பழைய நஷ்டமே புதிய இழப்பீட்டை வெட்டிவிடும். மோசமான இரண்டு ஆண்டுகளைக் கழிப்பது அதைத் தடுக்கத்தான். ஏழில் மூன்று ஆண்டு மோசமாகப் போன ஊருக்கு என்ன செய்வது என்றால், மூன்றாவது ஆண்டு உள்ளேதான் இருக்கும். விதி அவ்வளவுதான் பாதுகாக்கிறது.

மூன்றாவது கணக்கு: நாலு சதுரம், ஒரு ஊர்

இனி முக்கியமான இடம். இந்த ஆண்டு ஊரில் எவ்வளவு விளைந்தது என்று எப்படித் தெரியும்? எல்லா வயலையும் அறுத்து எடை போட முடியாது. அதனால் பயிர் அறுவடைப் பரிசோதனை. கிராமத்தை அலகாகக் கொண்ட முக்கியப் பயிருக்கு, ஒரு கிராமத்தில் குறைந்தது 4 பரிசோதனை நடத்த வேண்டும் என்பது திட்டத்தின் விதி.

எந்த வயல் என்பதை அதிகாரி கைகாட்டித் தேர்வு செய்யக் கூடாது. சமவாய்ப்பு எண்களை வைத்து சர்வே எண் எடுக்கப்படும். வயலுக்குப் போன பிறகும் நினைத்த இடத்தில் அறுக்க முடியாது. தென்மேற்கு மூலையிலிருந்து நீளவாக்கில் இத்தனை அடி வைப்பு, அகலவாக்கில் இத்தனை என்று அதற்கும் சமவாய்ப்பு எண் உண்டு. அங்கே 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து, கதிரடித்து, தூற்றி எடை போடுவார்கள்.

5 × 5 = 25 சதுர மீட்டர். ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். 10,000 ÷ 25 = 400. அந்தச் சதுரத்தில் கிடைக்கும் ஒவ்வொரு கிலோவும் ஹெக்டேருக்கு 400 கிலோவாகப் பெருகும். இந்த 400-ஐ மறந்துவிட வேண்டாம்.

நம் கிராமத்தில் 4 சதுரத்தில் கிடைத்த, காய்ந்த நெல்லின் எடை: 11.5 கிலோ, 10.8 கிலோ, 3.2 கிலோ, 12.1 கிலோ. மூன்றாவது வயல் வடிகால் ஓரப் பள்ளத்தில் இருக்கிறது, தண்ணீர் வடியவே இல்லை.

கூட்டினால் 37.6. நான்கால் வகுத்தால் 9.4 கிலோ. 9.4 × 400 = ஹெக்டேருக்கு 3,760 கிலோ. ஊரின் கோடு 4,080. ஆக 320 கிலோ குறைவு.

இழப்பீட்டுச் சூத்திரம்: குறைந்த மகசூலை உத்தரவாத மகசூலால் வகுத்து, காப்பீட்டுத் தொகையால் பெருக்க வேண்டும். 320 ÷ 4,080 = 0.0784. அதாவது 7.84 சதவீதம். 36,000-இல் 7.84 சதவீதம் சுமார் ரூ.2,823. ஏக்கருக்கு இதுதான் வரும்.

இங்கே பிள்ளைகள் ஒரு சந்தேகம் கேட்கலாம். மகசூல் ஹெக்டேரில், பணம் ஏக்கரில், இது சரியா? சரிதான். கிலோவைக் கிலோவால் வகுத்தபோதே அலகு அடிபட்டுப் போய்விட்டது. கையில் மிஞ்சுவது வெறும் விகிதம், அதை எதனோடும் பெருக்கலாம்.

பெரியவர்கள் செய்யும் தவறு வேறு. குறைந்த 320 கிலோவைப் போன வருஷ மகசூலாலோ, நெல் விலையாலோ கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். நெல் விலைக்கு இந்தச் சூத்திரத்தில் இடமே இல்லை.

முன்பு போட்ட தப்பான கோட்டை வைத்துப் பார்த்தால்? கோடு 3,714, விளைந்தது 3,760. இழப்பீடு பூஜ்யம். உத்தரவாதம் 80-க்குப் பதில் 90 சதவீதமாக இருந்தால் கோடு 4,590 ஆகும், ஏக்கருக்கு சுமார் ரூ.6,510 வரும். 70 சதவீதமாக இருந்தால் மறுபடியும் பூஜ்யம். வயலில் ஒரு கதிர்கூட மாறவில்லை, அறிவிக்கையில் ஒரு எண் மாறினால் போதும்.

'என் வயல்ல மூணு கிலோதானே, எனக்கும் அதே காசா?'

பள்ளத்து வயல்காரரின் கேள்வி இது. அவர் சதுரத்தில் 3.2 கிலோ, அதாவது ஹெக்டேருக்கு 1,280 கிலோ. அவரைத் தனியாக எடுத்துக் கணக்குப் போட்டால் (4,080 − 1,280) ÷ 4,080 × 36,000 = சுமார் ரூ.24,706. ஆனால் கைக்கு வருவது ரூ.2,823. 12.1 கிலோ விளைந்த மேட்டு வயல்காரருக்கும் ரூ.2,823.

பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் 'புள்ளியியலும் நிகழ்தகவும்' பாடத்தில் வரும் திட்டவிலக்கம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல விடை கிடையாது. போட்டுப் பார்க்கலாம். சராசரி 9.4. ஒவ்வொரு எண்ணிலிருந்தும் அதைக் கழித்தால் 2.1, 1.4, −6.2, 2.7. வர்க்கம்: 4.41, 1.96, 38.44, 7.29. கூடுதல் 52.1. நான்கால் வகுத்தால் 13.025. வர்க்கமூலம் சுமார் 3.61 கிலோ.

இப்போது பக்கத்தில் இன்னொரு கிராமம். அங்கே நாலு சதுரத்திலும் 9.1, 9.6, 9.3, 9.6. இதையும் கூட்டினால் 37.6, சராசரி அதே 9.4. ஆனால் திட்டவிலக்கம் வெறும் 0.21. இந்த ஊரில் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் நஷ்டம். முதல் ஊரில் மூன்று பேருக்கு நஷ்டமே இல்லை, ஒருவருக்கு மட்டும் எல்லாம் போச்சு. இரண்டு ஊருக்கும் இழப்பீடு ஒன்றுதான். ஏனென்றால் சூத்திரத்தில் சராசரி இருக்கிறது, திட்டவிலக்கம் இல்லை.

வறட்சி வந்தால் பெரும்பாலும் ஊர் முழுக்க அடிக்கும். அப்போது சராசரி நியாயமாக வேலை செய்யும். மழைத் தண்ணீர் அப்படி இல்லை, பள்ளம் பார்த்துத்தான் நிற்கும். டெல்டாவின் தரை பார்வைக்குத் தட்டையாகத் தெரிந்தாலும், ஒரே வருவாய் கிராமத்துக்குள் மேடும் பள்ளமும், வடிகால் ஓரமும் கடைமடையும் இருக்கின்றன. கிராமச் சராசரி தடுமாறுவது இங்கேதான்.

அப்படியானால் சராசரிக்குப் பதில் ஒன்பதாம் வகுப்பில் படித்த இடைநிலை அளவை வைக்கலாமே என்றால், இன்னும் மோசம். 3.2, 10.8, 11.5, 12.1. நடு இரண்டின் சராசரி 11.15 கிலோ. 400-ஆல் பெருக்கினால் 4,460, கோட்டுக்கு மேலே. யாருக்கும் எதுவும் வராது. ஒட்டாத ஒரு எண் கூட்டுச் சராசரியை இழுத்துவிடும் என்று பாடத்தில் குறையாகச் சொல்வார்கள். இங்கே அந்தக் குறைதான் ஊருக்கு ரூ.2,823 வாங்கிக் கொடுத்திருக்கிறது.

நாலாவது கணக்கு: சீட்டுக் குலுக்கலில் பள்ளத்து வயல் விழுமா?

இரண்டு ஊர்ப் புகாருக்கான பதில் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

ஒரு கிராமத்தில் நாலில் ஒரு பங்கு வயல்கள் மூழ்கிவிட்டன என்று வையுங்கள். சமவாய்ப்பு முறையில் ஒரு வயலை எடுத்தால் அது மூழ்காத வயலாக இருக்கும் நிகழ்தகவு 3/4. நாலு முறை எடுத்து நாலுமே மூழ்காத வயலாக விழும் நிகழ்தகவு 3/4 × 3/4 × 3/4 × 3/4 = 81/256. சுமார் 32 சதவீதம்.

அதாவது கால்வாசி ஊர் தண்ணீரில் கிடந்தும், ஏறக்குறைய மூன்றில் ஒரு வாய்ப்பில் அந்தத் தண்ணீர் பரிசோதனையின் கண்ணிலேயே படாது! நம் உதாரணத்தில் 3.2 கிலோ வயலுக்குப் பதில் 10.6 கிலோ வயல் விழுந்திருந்தால் மொத்தம் 45 கிலோ, சராசரி 11.25, ஹெக்டேருக்கு 4,500. இழப்பீடு பூஜ்யம்.

சரியாக ஒரு மூழ்கிய வயல் விழும் வாய்ப்பு 108/256, சுமார் 42 சதவீதம். அப்போது முன்பு பார்த்த ரூ.2,823 அளவில் வரும். இரண்டு விழும் வாய்ப்பு 54/256, சுமார் 21 சதவீதம். எடைகள் 11.5, 10.8, 3.2, 3.0 என்று வந்தால் சராசரி 7.125, ஹெக்டேருக்கு 2,850, இழப்பீடு ஏக்கருக்கு சுமார் ரூ.10,853.

ஒரே ஊர், ஒரே சேதம். சீட்டு எப்படி விழுகிறது என்பதைப் பொறுத்து பூஜ்யம், இரண்டாயிரத்து எண்ணூறு, அல்லது பத்தாயிரத்து எண்ணூறு. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் வராததற்கு யாராவது தப்பு செய்திருக்கத்தான் வேண்டும் என்பதில்லை. யாரும் தப்பே செய்யாமலும் இது நடக்கும். மாதிரி சின்னதாக இருந்தால் விடை இப்படித்தான் ஆடும்.

பரிசோதனையை நாலிலிருந்து எட்டாக்கினால் மூழ்கிய வயல் ஒன்றுகூட விழாமல் போகும் வாய்ப்பு 32-லிருந்து சுமார் 10 சதவீதமாக இறங்கும். கணக்கு என்னவோ சுலபம். ஆனால் ஆள் வேண்டும், நேரம் வேண்டும். ஊர் முழுக்க இரண்டு வாரத்துக்குள் அறுவடை இயந்திரம் இறங்கிவிடும் டெல்டாவில், எல்லா கிராமத்திலும் இரண்டு மடங்கு பரிசோதனை என்பது லேசான வேலை இல்லை.

அதற்காக, 'பாதிக்கப்பட்ட வயலாப் பார்த்து அறுங்க' என்று கேட்பதும் சரியாக வராது. கைகாட்டித் தேர்வு செய்யலாம் என்று ஆகிவிட்டால், நன்றாக விளைந்த வயலைக் காட்டவும் ஆட்கள் இருப்பார்கள். சமவாய்ப்பு இரண்டு பக்கமும் பூட்டுப் போடுகிறது.

இந்த முறையின் வரலாற்றைப் பார்த்தால் சிக்கல் இன்னும் விளங்கும். ஜே.ஏ.ஹப்பாக் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி 1920-களில் பிகார், ஒரிசா பகுதியில் சமவாய்ப்பு முறையில் நெல் வயல்களில் சிறு துண்டுகளை அறுத்து மகசூலை மதிப்பிட்டார். பின்னர் மஹலனோபிஸ், சுகாத்மே போன்ற புள்ளியியல் அறிஞர்கள் அதை வளர்த்தெடுத்தார்கள். துண்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதில் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. அவர்கள் தேடிய விடை, ஒரு மாகாணத்தில் எவ்வளவு நெல் விளைந்தது என்பது. ஆயிரக்கணக்கான துண்டுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது இங்கே கூடியது அங்கே குறைந்து சரியாகிவிடும். அதே கருவியை இப்போது ஒரே ஒரு கிராமத்தின் மீது, நாலே நாலு துண்டோடு வைக்கிறோம். ஈடுகட்ட அங்கே ஐந்தாவது துண்டு இல்லை.

ஒரு கிலோவின் விலை

அதனால் அறுவடை நாளில் வயலோரம் நிற்பது வீண் வேலை இல்லை. ஒரு சதுரத்தின் எடையில் 1 கிலோ கூடினாலோ குறைந்தாலோ, நாலின் சராசரியில் 0.25 கிலோ மாறும். ஹெக்டேருக்கு 100 கிலோ. 100 ÷ 4,080 × 36,000 = ரூ.882. ஒரு ஏக்கருக்கு! ஊரில் 500 ஏக்கர் காப்பீடு செய்திருந்தால் சுமார் 4 லட்சத்து 41 ஆயிரம் ரூபாய். கயிறு சரியாக 5 மீட்டர் இருக்கிறதா, ஓரக் கதிர் உள்ளே போகிறதா, தராசு சரியா என்று பார்க்க வேண்டியது இதனால்தான்.

எடையோடு சேர்ந்து வருவது ஈரப்பதம். ஈர நெல்லை அப்படியே எடை போட்டால் மகசூல் அதிகமாகத் தெரியும், எனவே காய்ந்த எடைக்கு மாற்ற வேண்டும். இதில் பலரும் சறுக்குகிறார்கள். கொள்முதல் நிலையத்தில் வழக்கமான ஈரப்பத வரம்பு 17 சதவீதம் என்பது டெல்டாவில் குழந்தைக்கும் தெரியும். 22 சதவீத ஈரமுள்ள 1,000 கிலோ நெல்லை 17-க்குக் காயவைத்தால் எவ்வளவு எடை குறையும்? '5 சதவீதம், 50 கிலோ' என்றுதான் சட்டென்று வாயில் வரும். தவறு.

22 சதவீதம் தண்ணீர் என்றால் நெல் மட்டும் 780 கிலோ. காய்ந்த பிறகும் நெல் அதே 780 கிலோ, ஆனால் இப்போது அது மொத்தத்தில் 83 சதவீதம். 780 ÷ 0.83 = சுமார் 939.8. குறைந்தது 60 கிலோ, அதாவது 6 சதவீதம். சதவீதத்தைச் சதவீதத்திலிருந்து கழிக்கும்முன் 'எதில் சதவீதம்?' என்று கேட்டுக்கொண்டால் இந்த 10 கிலோ கண்ணில் படும்.

2023 காரீஃப் பருவம் முதல் இன்னொரு எண்ணும் இந்தத் திட்டத்தில் நுழைந்திருக்கிறது. நெல், கோதுமைக்கு செயற்கைக்கோள் உள்ளிட்ட தொழில்நுட்ப மதிப்பீட்டுக்குக் குறைந்தது 30 சதவீத வெயிட்டேஜ் என்ற ஏற்பாடு. அறுவடைப் பரிசோதனை 3,760 என்கிறது, செயற்கைக்கோள் மதிப்பீடு 4,300 என்கிறது என்று வைத்தால் 3,760 × 0.7 + 4,300 × 0.3 = 3,922. இழப்பீடு ரூ.2,823-லிருந்து சுமார் ரூ.1,394 ஆகிவிடும். செயற்கைக்கோள் எண் குறைவாக இருந்தால் தொகை கூடும்.

33 சதவீதம்னு டிவில சொன்னாங்களே?

அது வேற கணக்கு. '33 சதவீதத்துக்கு மேல் பாதித்த பயிருக்கு நிவாரணம்' என்பது பேரிடர் நிவாரண நிதி சார்ந்தது. 2015 வரை 50 சதவீதமாக இருந்த வரம்பு 33 ஆகக் குறைக்கப்பட்டது. பாசன வசதியுள்ள நிலத்துக்கு ஹெக்டேருக்கு ரூ.17,000 என்பது 2022-26 காலத்துக்கான மத்திய விதிமுறை. இது காப்பீடு அல்ல, பிரீமியம் கட்டாதவருக்கும் உண்டு. வயல்வாரியாகச் சேதத்தைக் கணக்கெடுத்துக் கொடுப்பது. இதற்காக எழுதிக்கொண்டு போனவர்கள் காப்பீட்டுக்கும் சேர்த்தே எழுதிக்கொண்டார்கள் என்று நினைத்துக்கொள்வதால்தான் பாதிக் குழப்பம்.

வயல்வாரியாகக் காப்பீடே கிடையாதா?

உண்டு. உள்ளூர்ப் பேரிடர் என்ற பிரிவில், ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்றவற்றுக்குப் பாதிக்கப்பட்ட வயலையே தனியாக மதிப்பிடலாம். வயலில் வெள்ளம் தேங்குவதும் இதில் இருந்தது. ஆனால் தண்ணீரில் வளரும் பயிர் என்ற காரணத்தால், 2018 விதிமுறைத் திருத்தத்தில் நெல்லுக்கு அந்தப் பாதுகாப்பு எடுக்கப்பட்டது. நெல்லைத் தவிர வேறு பெரிய பயிர் இல்லாத ஊர்களுக்கு இதன் பொருள் என்ன என்பதை 3.2 கிலோ வயல்காரரின் கணக்கே சொல்லும்.

2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் இதைத் திருத்தியது. நெல் வயலில் வெள்ளம் தேங்குவது 2026 காரீஃப் முதல் மீண்டும் உள்ளூர்ப் பேரிடரில் சேர்க்கப்படும் என்பது அறிவிப்பு. தங்கள் மாவட்டத்துக்கான பருவ அறிவிக்கையில் இந்தப் பிரிவு இருக்கிறதா என்று பிரீமியம் கட்டும்போதே பொது சேவை மையத்திலோ, கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ, வேளாண் அலுவலகத்திலோ கேட்டுவிடுவது நல்லது. கிராமத்தின் உத்தரவாத மகசூல், உத்தரவாத சதவீதம், காப்பீட்டுத் தொகை ஆகிய மூன்று எண்களும் அதே அறிவிக்கையில் இருக்கும்.

இந்தப் பிரிவில் சராசரி குறுக்கே வராது. ஆனால் தகவல் சொல்ல 72 மணி நேரம்தான் அவகாசம். புதன்கிழமை காலை 6 மணிக்கு வயலில் தண்ணீர் ஏறியிருந்தால், சனிக்கிழமை காலை 6 மணிக்குள் புகார் பதிவாகியிருக்க வேண்டும்.